பெரிய பொம்மை

என் பெரிய குண்டுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருந்திருந்தால் நாலு பக்கம் எழுதி, அதைப் பக்கத்து வீட்டுப் பெண் கையில் கொடுத்துத் தபாலில் சேர்த்திருக்க மாட்டாய். நானும் அப்படியொன்றும் நலமில்லை. ஆக ரெண்டு பேரும் சமம்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் உன் மருமகள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுகிறாள். போன தடவை நீ இருமியதற்குக்கூட உன் மகன் பின்னாலிருந்து விளக்கம் கொடுத்தான். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "உன் கடையில எனக்கும் ஒரு வேலை வாங்கிக் குடுடி, உன் ரூம்லயே ஒரு மூலையில கிடந்துக்கறேன். இங்க தண்ணி குடிச்சா டம்ளர் சத்தம் கேக்குதுங்கறாங்க" என்று எழுதியிருந்தாய். அந்த டம்ளர் வரியில் நின்றுவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. உன்னை வளர்த்து ஆளாக்கியவன் என்று நினைத்துக்கொள்கிறான் போல, நீ வளர்த்து ஆளாக்கிய பையன்.

உனக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பாய். சொன்ன பிறகும் நினைக்கலாம். அது உன் இஷ்டம்.

முதலில் ஒரு சேதி. நான் இளைத்துவிட்டேன். கொஞ்சநஞ்சமல்ல, பாதி ஆளைக் காணோம். உன் மகன் கல்யாணத்தில் நீ பார்த்தவள் வேறு, இப்போது இதை எழுதுகிறவள் வேறு. உன்னிடம் இவ்வளவு நாள் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். "நம்ம வீட்டுல ரெண்டு குண்டு இருக்கு, எந்த நேரம் வெடிக்குமோ" என்று அப்பா சொல்லிச் சிரிப்பாரே, அதில் ஒரு குண்டு சொல்லாமல் கொள்ளாமல் நமுத்துப் போனால் இன்னொன்றுக்கு எப்படி இருக்கும்?

அழகுக்காக இளைக்கவில்லை. முட்டிக்காக. எங்கள் கடையில் உட்காரக் கூடாது என்று உனக்குத் தெரியும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து ஆள் வரும். பாத்ரூமுக்குப் போனால் யார் போனது, எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள், அதனால் பாதிப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. என் முட்டி ரெண்டும் வீங்கி, படியேறும்போது நொறுக்குத் தீனி மெல்லுகிற மாதிரி சத்தம் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எடையைக் குறைங்க, இல்லேன்னா நிக்கற வேலையை விடுங்க" என்றார். நிற்கிற வேலையை விட்டால் எந்த வேலை என்று அவர் சொல்லவில்லை. அதனால் வாயைக் கட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன். பசியில் தலையணையைக் கடித்திருக்கிறேன், சத்தியமாக. ரெண்டு வருஷத்தில் முட்டி அடங்கியது. நிற்க முடிந்தது.

இங்கேதான் கூத்து.

கடையில் என் வேலை என்னவென்று உன்னிடம் சரியாகச் சொன்னதேயில்லை, நீ கல்யாணத் துணி எடுக்க வந்த அன்றும்கூட. பெரிய சைஸ் செக்‌ஷனில் விற்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், கேள். கடையில் உடுப்பு மாட்டி நிறுத்தியிருக்கும் பொம்மைகள் எல்லாம் ஒல்லிதான். தடிமனாகப் பொம்மை செய்து விற்கிறவர்களும் உண்டாம், ஆனால் முதலாளி அதை வாங்கவில்லை. என்னை வைத்துக்கொண்டார். புதுச் சரக்கு வந்தால் அதில் ஒன்றை நான் போட்டுக்கொண்டு அந்தச் செக்‌ஷன் வாசலில் நிற்க வேண்டும். உன்னையும் என்னையும் போன்ற உடம்போடு ஒரு பெண் உள்ளே வருவாள். எல்லாக் கடையிலும் அவமானப்பட்டு, இங்கேயும் பட வேண்டியிருக்குமோ என்ற முகத்தோடு வருவாள். நான் முன்னால் போய், ஒரு சுற்றுச் சுற்றி, "எனக்கே இப்படி இருக்கே, உங்களுக்கு எப்படி இருக்கும்!" என்பேன். அவ்வளவுதான். அவள் முகம் மலர்ந்துவிடும். அந்த ஒரு வரிதான் என் பிழைப்பு. கடைப் பெண்கள் எனக்கு வைத்த பேர் பெரிய பொம்மை. நான் கோபித்துக்கொண்டதில்லை. பொம்மைக்கு முட்டி வலிக்காது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நான் இளைக்க இளைக்க, ஆரம்பத்தில் ஒரே கொண்டாட்டம். "என்ன அக்கா, லவ்வா?" என்று ஒருத்தி. "ரகசியத்தைச் சொல்லுங்க, நாங்களும் பொழைச்சுக்கறோம்" என்று இன்னொருத்தி. எதிர்க் கடைக்காரர், இத்தனை வருஷம் என்னை ஏறிட்டுப் பார்க்காதவர், வணக்கம் வைத்தார். பாதி ஆளுக்குத்தான் முழு மரியாதை போலிருக்கிறது. முழு ஆளாக இருந்தபோது அந்த மரியாதையை எங்கே பூட்டி வைத்திருந்தார்கள் என்று கேட்க வாய் துடித்தது.

பிறகு ஒரு நாள் அந்த பாங்க் மேடம் வந்தார். பல வருஷ வாடிக்கை. என்னைத் தாண்டிப் போய் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, "அந்தக் குண்டு அம்மா எங்க, லீவா?" என்று என்னிடமே கேட்டார். "நான்தான் மேடம்" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனால் பார்ப்போமே, அப்படி. வழக்கம் மாறக் கூடாதென்று நானும் ஒரு உடுப்பை மேலே வைத்துக் காட்டி, "எனக்கே இப்படி இருக்கே" என்று ஆரம்பித்துத் தொலைத்தேன். "உனக்கென்னம்மா, நீ எதைப் போட்டாலும் நிக்கும். எங்க கஷ்டம் உனக்கு என்ன தெரியும்?" என்றார். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். எனக்குத் தெரியாதாம், அக்கா. எனக்கு.

அவரோடு நிற்கவில்லை. ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். விற்பனை விழுந்தது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினான். சின்னப் பையன், உன் மகன் வயசுதான், என்னை அக்கா என்பான். மற்றவர்கள் இருக்கும்போது நான் அவனைச் சார் என்பேன். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்க நின்னா அவங்களுக்கு ஒரு மாதிரி ஆகுது. முன் செக்‌ஷன்ல போட்டுப் பாக்கறேன். ஆனா நீங்களும் அதுக்கு ஏத்த மாதிரி வரணும். நம்ம சரக்குலேயே எடுத்துக்குங்க. வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும், ஆனா வயசு தெரியக் கூடாது" என்றான். நான் அந்த வாக்கியத்தை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். மழை பெய்யணும், ஆனா நனையக் கூடாது.

அப்போதுதான் என்னிடம் போட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லையென்று தெரிந்தது. பழைய உடுப்புகளை இடுப்பில் ஊக்கு குத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் உடுப்புத் தேர்ந்து கொடுத்தவள், அம்மணமாக நிற்காத குறைதான்.

காலையில் ஆள் வராத நேரத்தில் ட்ரையல் ரூமுக்குள் போனேன். மூன்று பக்கமும் கண்ணாடி. இத்தனை வருஷத்தில் மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றவள்தான் நான். துணியைக் கழற்றிவிட்டு நின்றால், அங்கே இருந்தது இளைத்த பெண் அல்ல. பெரிய உறைக்குள் சின்னத் தலையணையைப் போட்டது போல இருந்தது. சதை போன இடத்தில் தோல் மட்டும் போக்கிடம் இல்லாமல் நிற்கிறது. கையசைத்தால் கை நின்ற பிறகும் மேல்கைத் தோல் ஆடிக்கொண்டிருக்கிறது. வயிறு மடித்து வைத்த துணி மாதிரி. கழுத்து இன்னும் பழைய கழுத்தைத் தேடுகிறது. நடு வயசில் இளைத்தால் இளமை வருமென்று எவன் சொன்னான்? எனக்குச் சதை மட்டும்தான் போயிற்று, வயசு அப்படியே இருக்கிறது. இதுநாள் வரை அதைச் சதை மூடி வைத்திருந்தது.

முன் செக்‌ஷன் உடுப்பைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருபது வயசுக்கு. தோளில் ஓட்டை வைத்த ஒன்று. ஓட்டை வழியாகத் தோள் வரவில்லை, சுருக்கம்தான் வந்தது. மார்பில் ஆங்கிலம் எழுதிய ஒன்று. என்ன எழுதியிருக்கிறது என்று ட்ரையல் ரூம் பெண்ணிடம் கேட்டேன். "'இன்னும் என்னைப் பாத்துட்டே இருக்கியா'ன்னு போட்டிருக்குக்கா" என்றாள். கழற்றிவிட்டேன். இறுக்கமான பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், "அக்கா, பின்னாலேர்ந்து பாத்தா காலேஜ். முன்னாலேர்ந்து பாத்தா..." என்று அவள் நிறுத்திக்கொள்ள, இன்னொருத்தி, "பிரின்சிபால்" என்று முடித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, அதுகளும் காலையிலிருந்து நிற்கிற பிள்ளைகள்தானே.

வயசானவர்களுக்கென்று ஒரு அலமாரி உண்டு. அதில் எல்லாம் தொளதொளவென்று, பெரிய பெரிய பூப் போட்டு, ஜன்னல் திரையில் மிச்சம் விழுந்ததில் தைத்தது மாதிரி. பெண்ணுக்கு இருபது வயசு இருக்கலாம், எண்பது இருக்கலாம். நடுவில் உள்ள வருஷங்களுக்கு அம்மணமாக இருந்துகொள் என்கிறதா கடை? ஐம்பதில் உழைக்கிற பெண்தான் தெருவெல்லாம் நிற்கிறாள், அவளுக்கென்று உடுப்பு மாட்டிய ஒரு கம்பி இல்லை. குண்டாக இருந்தபோதாவது எனக்கென்று ஒரு மூலை இருந்தது.

ஆனாலும் நான் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள். விடுவேனா? ரெண்டு நாள் அலமாரி அலமாரியாகத் துழாவினேன். ஆபீஸ் போகிறவர்களுக்கென்று வாங்கி விற்காமல் கிடந்த சரக்கில் ஒன்று கிடைத்தது. கரும்பச்சை. முழங்கை தாண்டிய கை. கழுத்து ரொம்பத் திறந்துமில்லை, மூடியுமில்லை. துணி கொஞ்சம் கனம், அதனால் உள்ளே ஆடுகிறதை வெளியே சொல்லாமல் நேராக விழுந்தது. கீழே ஒரு சாதாரணக் கறுப்புப் பேன்ட். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அக்கா, பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாக இருந்தது. ஒல்லியாகக் காட்டவில்லை, இளமையாகவும் காட்டவில்லை. ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி, நிமிர்ந்து, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவளாக நின்றாள். எத்தனை பேருக்கு "சூப்பரா இருக்கு" என்று பொய் சொல்லியிருக்கிறேன். என்னிடம் எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

அதோடு போய் மேனேஜர் முன்னால் நின்றேன். பார்த்தான். "நல்லாத்தான் இருக்குக்கா" என்றான். "ஆனா டீச்சர் மாதிரி இருக்கு. வர்ற பொண்ணுங்க பயந்து ஓடிடும்." பிறகு பேனாவை உருட்டிக்கொண்டே விஷயத்துக்கு வந்தான். பெரிய சைஸ் வாசலில் நிற்க ஆள் வேண்டும். "உங்கள மாதிரி, அதாவது பழைய உங்கள மாதிரி, ஒரு ஆளைக் கொண்டாந்து விடுங்க. அவங்களுக்கு நீங்களே பழக்கிக் குடுங்க. உங்களைக் குடோன்ல போட்டுக்கறேன். அங்க கேமரா கிடையாது, உக்காரலாம்" என்றான்.

உட்காரலாம் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் முட்டி ரெண்டும் அழுதிருக்கும்.

பக்கத்தில் கல்லாவில் இருந்த பெண் காதில் இது விழுந்துவிட்டது. நல்லவள்தான், நாக்குதான் நீளம். "ஏன், இவங்க அக்கா ஒருத்தங்க பையன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தாங்களே சார், இவங்களைவிட நல்லா வாட்டசாட்டமா! ஒரே மாதிரி மூஞ்சி. நாங்ககூட ரெட்டைப் பொம்மைன்னு சிரிச்சோம்" என்றாள். மேனேஜர் முகத்தில் பல்பு எரிந்தது. "சூப்பர்க்கா, உடனே வரச் சொல்லுங்க" என்றான்.

உன் கடிதம் அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. முந்தின நாள்தான் வந்தது. நீ கேட்டாய், அவன் கேட்டான், எனக்கும் உட்கார இடம் கிடைக்கும். மூன்று பேருக்கும் நல்லது. இதைவிட என்ன வேண்டும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன். உன்னை அந்த வாசலில் நிறுத்திப் பார்த்தேன், மனசுக்குள். சர்க்கரைக்கு மாத்திரை தின்கிற உன் உடம்பு. வெடித்த உன் குதிகால். நீ ஒரு சுற்றுச் சுற்றி, எவளோ ஒருத்தியிடம், "எனக்கே இப்படி இருக்கே" என்கிறாய். உன் வாயிலிருந்து அந்த வரி வருகிறது. அதை நான் பழக்கிக் கொடுத்திருக்கிறேன்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அவ செத்துட்டா சார்" என்றேன்.

ஆமாம். உன்னைக் கொன்றுவிட்டேன். வேறு எதைச் சொன்னாலும் அவன் விடமாட்டான். உடம்பு சரியில்லை என்றால் சரியானதும் வரட்டும் என்பான். ஊரில் இல்லை என்றால் பஸ் ஏறட்டும் என்பான். அவன் கொஞ்சம் திகைத்துப் போய், "எப்பக்கா?" என்றான். போன மாசம் என்றேன். "லீவே கேக்கலியே?" என்றான். "கேட்டா குடுத்திருப்பீங்களா?" என்றேன். அவன் பேனாவை உருட்டினான்.

மத்தியானத்துக்குள் கடை பூராவும் தெரிந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்தார்கள். நாக்கு நீளமானவள் ஓவென்று அழுதேவிட்டாள். "அதனாலதான் இப்படி உருகிப் போனீங்களா அக்கா" என்று கேட்டாள். நானும் அழுதேன். நடிப்பு என்று நினைக்காதே. நீ போய்விட்டால் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துவிட்டேன்.

நான் நல்லவளென்று சொல்ல வரவில்லை. அடுத்த வாரமே வேறு ஒருத்தியைப் பிடித்துவிட்டார்கள். முப்பத்தைந்து வயசிருக்கும், நல்ல உடம்பு, சிரித்த முகம். முதல் நாள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். "நம்ம சைஸைப் பாத்தே வேலை குடுத்துட்டாங்கக்கா, ஊர்ல யாரும் நம்பமாட்டேங்கறாங்க" என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அவளும் யாருக்கோ அக்கா. மாசக் கடைசி வரைக்கும் அவளுக்கு நான்தான் பழக்கிக் கொடுக்க வேண்டும். கேமரா எட்டாத இடம் எது என்று முதலில் காட்டிக் கொடுத்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும், நீயே சொல். நான் ஆள் கொண்டுவராததால் குடோனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாசம் முடிந்தால் என்னையும் வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டான். எத்தனை வருஷம் நின்றேன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரித்து அனுப்ப ஆள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். பச்சையைப் போட்டுக்கொண்டு போவேன். டீச்சர் மாதிரி இருக்கிறதென்று அவன் சொன்னது அங்கேயாவது உதவட்டும். கிடைக்குமா என்று தெரியாது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: வேலை இல்லை. வாங்கித் தர முடிந்தும் வாங்கித் தரவில்லை. கோபப்படு. திட்டு. டம்ளர் சத்தம் உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, நான் யார் முடிவு செய்ய என்று கேள். பாங்க் மேடம் என்னைக் கேட்ட கேள்விதான் அது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடையிலிருந்து யாராவது உன் நம்பருக்குக் கூப்பிட்டால் எடுக்காதே. எடுத்துவிட்டால் நம்பர் தப்பு என்று சொல்லி வைத்துவிடு. அந்த வீட்டில் என்ன பேசினாலும், வயிற்றை மட்டும் காயப் போடாதே. அவர்கள் கண்ணுக்காக ஒரு பிடி குறைத்துக்கொள்ளாதே. மாத்திரையை வேளைக்குப் போடு. குதிகாலுக்கு எண்ணெய் தடவு.

உயிரோடு இருக்கிறவர்கள் செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். நான் ஒருத்தரிடமா சொன்னேன், ஒரு கடை நிறைய ஆட்கள் முன்னால் சொல்லியிருக்கிறேன், அழுதும் காட்டியிருக்கிறேன். அதனால் நீ நூறு வயசு இருப்பாய். அப்படிக் கூடின வருஷங்களில் கொஞ்சத்தை எனக்குக் கொடு. பள்ளிக்கூடத்து வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. நிற்க இல்லை அக்கா, இருக்க.

உன்னைக் கொன்ற பாவி,
உன் தங்கச்சி